வரைபடத்தில் சேரிக்கு என்ன நிறம்?

(சென்னையில் நடந்த மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரத் திட்டமிடல் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நம் கூட்டங்களில் சட்டம் படிப்பது பற்றிப் பேசுவோம். ஊடகம், சினிமா, குடிமைப் பணித் தேர்வு பற்றிப் பேசுவோம். நகரத் திட்டமிடல் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பி.இ. சிவில் முடிக்கும்வரை எனக்கும் தெரியாது. ஆனால், நம் வீடு எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று முடிவெடுப்பவர்கள் அந்தப் படிப்பைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டில் வளர்ந்தேன். கட்டியது குடிசை மாற்று வாரியம்தான். இருந்தாலும் நாங்கள் 'ஸ்லம் போர்டு' என்று சொல்ல மாட்டோம். 'ஹவுசிங் போர்டு' என்றுதான் சொல்வோம். ஏன் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. அம்மா மந்தைவெளியில் நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர். முதுகலையை வேறொரு மாநிலத்தில் படித்தேன். இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காக இதே தென்சென்னையின் வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்ப்போம். இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். நிலச் சட்டம், போக்குவரத்து, வீட்டுவசதி, மக்கள்தொகைக் கணிப்பு, உள்கட்டமைப்பு, செயற்கைக்கோள் படங்களைப் படிப்பது என்று பாடங்கள் இருக்கும். படிப்பின் முதுகெலும்பு 'ஸ்டுடியோ'. ஒரு பருவத்தில் ஒரு பேட்டையை எடுத்துக்கொள்வீர்கள். அடுத்த பருவத்தில் ஒரு நகரம். பிறகு ஒரு மாவட்டம் அல்லது வட்டாரம். நேரில் போய்க் கணக்கெடுத்து, வரைபடம் தயாரித்து, நடுவர் குழு முன்னால் நின்று, 'இந்த இடம் இப்படி மாற வேண்டும்' என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில், ஆயிரக்கணக்கான மனிதர்கள் வாழும் ஓர் இடத்தைப் பார்த்து 'இது இப்படி மாற வேண்டும்' என்று சொல்லும் அதிகாரத்துக்குப் பழக்குகிறார்கள்.

அந்த அதிகாரம் வகுப்பறையோடு முடிவதில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம் சி.எம்.டி.ஏ. என்று சொல்வது, 1970-களின் தொடக்கத்தில் உருவானது. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975-இல் வந்தது. இரண்டாவது 2008-இல் வந்தது. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்துக்கான வேலை நடக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு இந்த நகரத்தில் எது எங்கே இருக்கும் என்று அதில் எழுதப்படும். இன்று உங்களுக்கு இருபது வயது என்றால், அது முடியும்போது உங்களுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும்.

இந்தத் திட்டத்தின் உயிர் நிலப் பயன்பாட்டு வரைபடம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழிற்சாலை ஊதா, பள்ளி, மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் சிவப்பு, பூங்கா பச்சை, சாலையும் ரயிலும் சாம்பல், நீர்நிலை வெளிர்நீலம். இது முதல் பருவத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

இப்போது கால்வாய் ஓரத்துக்கு வாருங்கள். மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் வரை கரையோரம் மூன்று தலைமுறையாக வீடுகள் இருந்திருக்கின்றன. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். அந்த வீடுகளுக்கு வரைபடத்தில் என்ன நிறம்? மஞ்சள் கிடையாது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது கால்வாய்ப் புறம்போக்கு. ஆகவே வெளிர்நீலம். அடுப்பெரிகிற, குழந்தை படிக்கிற, சாவுக்குப் பந்தல் போடுகிற ஓர் இடம் வரைபடத்தில் தண்ணீராக இருக்கிறது.

அதே கால்வாயில் இன்னொன்றும் இருக்கிறது. பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து திருமயிலை வரை 1997-இல் வந்தது, வேளச்சேரி வரை 2007-இல் நீண்டது. அதன் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. திருமயிலை ரயில் நிலையத்தின் கீழே போய் நின்று பாருங்கள். கால்வாய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் வரைபடத்தில் ரயில் பாதை சாம்பல் நிறத்தில் போக்குவரத்து என்று காட்டப்படும். ஒரே கால்வாய், ஒரே சர்வே எண், இரண்டு கட்டுமானங்கள். ஒன்றின் பெயர் உள்கட்டமைப்பு, இன்னொன்றின் பெயர் ஆக்கிரமிப்பு. இந்தப் பெயர் வைக்கும் வேலையைத்தான் எங்கள் துறை செய்கிறது.

அந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்தப் பெரும் பஞ்சத்தின்போது, 1877-78-இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தத் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஊரில் சோறில்லாமல் நகரத்துக்கு வந்த ஏழை மக்கள் மண் சுமந்தார்கள். கால்வாய்க்கு அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். வெட்டிய கைகளுக்குக் கரையில் ஒரு முழம் நிலத்துக்குக்கூடப் பட்டா இல்லை.

'சரி, நீர்நிலையில் வீடு கட்டுவது தவறுதானே?' என்று கேட்பார்கள். நீர்நிலைகளைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதலில் முழுகியதும் கடைசியில் வடிந்ததும் கரையோர மக்களின் வீடுகளில்தான். ஏரியும் ஆறும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற அக்கறை எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம். என் கேள்வி வேறு. நீர்நிலையைக் காப்பதற்கான அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதானா?

தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில், சென்னை நகரமைப்புச் சட்டம் வந்த சூட்டோடு, 'லாங் டேங்க்' என்று அழைக்கப்பட்ட பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பேட்டை அது. தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், டாக்டர் நாயர், உஸ்மான் என்று அந்தப் பேட்டை முழுக்க நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. திட்டமிட்ட நகரமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று பாடத்தில் படிப்போம். பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை விரித்த விதம் உண்மையிலேயே அழகானதுதான். ஆனால் அது ஏரி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் 1976-இல் எழுந்தது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் இடிக்கச் சொல்லி யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. ஒட்ட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அங்கெல்லாம் 'இனி என்ன செய்யலாம்' என்று பொறியாளர்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். வடிகால் அமைக்கிறார்கள், பம்பு வைக்கிறார்கள். அந்த யோசனை கால்வாய் ஓரத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை? அங்கே மட்டும் ஏன் நேராக ஜே.சி.பி. வருகிறது?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அமைச்சர்களும் நீதிபதிகளும் வசிக்கும் கிரீன்வேஸ் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் டாக்டர் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது. கால்வாய் ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது, அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்தார். மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

திட்டமிடல் படிக்கிற ஒருவர் இந்தச் செய்தியை எப்படிப் படிக்க வேண்டும்? பக்கத்திலேயே வீடு கொடுக்க முடியும் என்றால், அதற்கு இடம் இருந்தது. இருந்த இடம் ஓர் உயிர் போகும்வரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 'சென்னைக்குள் இடமே இல்லை' என்று நமக்குச் சொல்லப்படுகிறதே, அந்த வாக்கியத்தை இனிமேல் அப்படியே நம்பாதீர்கள். யாருக்கு இடமில்லை என்று கேளுங்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் வந்தது. அதன் 3-ஆவது பிரிவின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அங்கு அடிப்படை வசதி செய்து தர வழி பிறக்கும். அதிகாரியின் அனுமதியின்றி அங்கு வாழ்பவர்களை வெளியேற்ற வழக்குத் தொடர முடியாது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் புதிய அறிவிப்பே இல்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சென்னை மாநகராட்சி மக்களில் சுமார் 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாகச் சொன்னது. மக்கள் இருக்கிறார்கள், சட்டமும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கிற ஓர் அறிவிப்பு மட்டும் இல்லை. அறிவிக்காத வரை அவர்கள் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே, 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லுக்குள் இருப்பார்கள். பெயர் வைப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று இப்போது புரிகிறதா?

1970-களில் வாரியம், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. நான் வளர்ந்த வீடு அப்படி வந்ததுதான். ஒற்றை அறை, ஒழுகும் கூரை என்று ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அம்மா வேலைக்கு நடந்து போனார், நான் பள்ளிக்கு நடந்து போனேன். 1977-இல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, மக்களே வீடு கட்டிக்கொள்ள வழி செய்தார்கள். 2000-க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் 40,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லித் தூக்கிவந்தவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்தார்கள். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம்.

பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் சுமார் 20 கிலோமீட்டர். வரைபடத்தில் அது ஒரு கோடு. காலை ஆறரை மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண்ணுக்கு அது வேறு. 2021-இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் காசு மிச்சமானாலும் நேரம் மிச்சமாவதில்லை. நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர் இரண்டு வீடுகளாகக் குறைத்துக்கொள்கிறார். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தவர் எட்டரைக்கு வந்து சேர்கிறார். அந்த இரண்டரை மணி நேரம் பிள்ளைகளோடு யார் இருந்தார்கள்? இந்தக் கணக்கை எந்தத் திட்ட அறிக்கையும் போடுவதில்லை. 'மறுகுடியமர்வு நிறைவு' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

ஊர் வேறு, சேரி வேறு என்று வைத்திருந்தது கிராமம். இடையில் ஒரு வயல், ஓர் ஓடை இருக்கும். இப்போது அந்த வயலின் நீளம் 20 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. பழைய ஆங்கிலேயர் கால வரைபடங்களில் 'பறச்சேரி' என்ற பெயரைப் பல இடங்களில் பார்க்கலாம். இழிவாகத்தான் எழுதினார்கள். இன்றைய வரைபடத்தில் அந்தச் சொல் இல்லை. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் சொல்லை நீக்குவது முதல் படி. அந்தச் சொல் சுட்டிய இடம் எங்கே இருக்கிறது, அங்கே தண்ணீர் வருகிறதா, பட்டா இருக்கிறதா, பேருந்து நிற்கிறதா என்று கேட்பது அடுத்த படி. பெயரை எடுத்துவிட்டு இடத்தை அப்படியே விட்டால், சாதி இருக்கும், அதைக் காட்டுவதற்கான ஆதாரம் மட்டும் இருக்காது.

என் வகுப்பறையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக் கடன் நிறுவனங்களுக்காகத் தயாரித்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு அடித்துக் காட்டினார்கள். சிவப்புப் பகுதிக்குக் கடன் கிடைக்காது. அதை நாங்கள் ஒரு வாரம் படித்தோம். தென்னாப்பிரிக்காவில் 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைப் படித்தோம். கேப் டவுனின் ஆறாவது மாவட்டத்தை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை மணற்காட்டுக்குத் துரத்தியதைப் படித்தோம். ஆசிரியர்கள் உணர்ச்சியோடு பாடம் எடுத்தார்கள். மாணவர்கள் கொதித்துப்போய்க் கட்டுரை எழுதினார்கள். அதே வகுப்பில் நான் கண்ணகி நகரைப் பற்றிப் பேசினேன். 'அது வறுமைப் பிரச்சினை, சாதியை இழுக்க வேண்டாம்' என்று பதில் வந்தது.

ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யும் நாளில் குழுவில் இருந்த ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: 'தலைப்பில் சாதி வேண்டாமே. சமூகப் பொருளாதாரப் பின்னணி என்று போட்டால் எல்லாருக்கும் வசதி.' எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று கேட்டேன். பதில் வரவில்லை. தலைப்பை நான் மாற்றவில்லை. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. இப்போது அதே தலைப்பை விரித்துத்தான் முனைவர் ஆய்வு செய்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவுக்காக ஒரு குடிசைப் பகுதிக்குக் கணக்கெடுக்கப் போனோம். உடன் வந்தவர்கள் கேமராவை எடுத்து, கழிப்பறை வரிசையையும், குழாயடியையும், நிர்வாணமாக நின்ற குழந்தையையும் படம் எடுத்தார்கள். திரும்பி வந்து அதைத் திரையில் போட்டு 'சீரழிந்த பகுதி' என்று தலைப்பு வைத்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்தக் குழாயடி அந்நியமில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை அந்தப் பகுதிப் பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னபடி ஒரு வரைபடம் போட்டேன். எந்த நேரத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த முனையில் விளக்கு எரியாது, எந்த வீட்டுத் திண்ணையில் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. நடுவர் குழுவில் ஒருவர் அதை நெடுநேரம் பார்த்தார். 'இந்தத் தகவல் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை' என்றார். கிடைக்காததற்குக் காரணம், அந்த வீடுகளிலிருந்து அந்த அறைக்கு யாரும் வரவில்லை என்பதுதான்.

அண்ணலை இந்தத் துறையில் யாரும் ஒரு திட்டமிடுபவராகப் படிப்பதில்லை. படிக்க வேண்டும். கிராமத்தைப் போற்றியவர்களுக்கு எதிராக 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியது நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், ஒரு குடியமர்வு ஆணையம் அமைக்க வேண்டும் என்று கேட்டார். சாகுபடி செய்யாமல் கிடக்கும் அரசு நிலங்களை அந்த ஆணையம் பட்டியல் சாதி மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும், அவர்களைச் சாதி இந்துக்களின் ஊரைச் சார்ந்து வாழாத தனிக் குடியிருப்புகளில் அமர்த்த வேண்டும், அதற்கு ஒன்றிய அரசு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும் என்றார். 1947-இல் ஐந்து கோடி! யார் எங்கே வாழ்வது என்பது உரிமைப் பிரச்சினை, அதற்கு நிலமும் நிதியும் சட்ட அதிகாரமும் சேர்ந்து வேண்டும் என்று அவர் அன்றே கணக்குப் போட்டார். இதைவிடத் தெளிவான வட்டாரத் திட்டம் என்ன இருக்கிறது? பெரும்பாக்கத்தைப் பார்த்து, 'அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டாரே' என்று சிலர் சொல்கிறார்கள். அவர் கேட்டது நிலத்தோடும் சுயமரியாதையோடும் விரும்பிப் போவது. இங்கே நடந்தது வேலையையும் பள்ளியையும் பிடுங்கிக்கொண்டு ஏற்றி இறக்குவது.

இப்போது உங்களுக்கான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்புக்கு யார் போகலாம்? பி.ஆர்க்., பி.இ. சிவில், பி.பிளான் படித்தவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். புவியியல், பொருளாதாரம், சமூகவியல் போன்றவற்றில் முதுகலை முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. நம் ஊரில் கிண்டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி இருக்கிறது. கேட் மதிப்பெண் அல்லது மாநில நுழைவுத் தேர்வு வழியாகப் போகலாம். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. செலவு கட்டணத்தோடு நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கணினி வேண்டும், ஒவ்வொரு ஸ்டுடியோவுக்கும் பெரிய தாள்களில் அச்செடுக்க வேண்டும், வெளியூர்ப் பயணம் இருக்கும். முன்கூட்டியே சேர்த்து வையுங்கள், கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். ஆங்கிலம் பயமுறுத்தும். ஒரு பருவம் பயமுறுத்தும், அவ்வளவுதான்.

வேலை இருக்கிறதா? 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட நகரத் திட்டமிடுபவர் பணியிடங்கள் 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் 42 சதவீதம் காலி, நாட்டுக்குத் தேவை 12,000-க்கும் மேல் என்று சொன்னது. தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புத் துறையின் உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. கோப்பில் முதல் குறிப்பை எழுதும் இடத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தால், அந்தக் குறிப்பில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுவதா, 'அறிவிக்கப்படாத குடிசைப் பகுதி' என்று எழுதுவதா என்ற கேள்வியாவது எழும்.

'உள்ளே போனால் நாமும் அவர்களைப் போல ஆகிவிட மாட்டோமா?' என்று ஒரு தோழர் கூட்டத்துக்கு முன்னால் கேட்டார். நியாயமான பயம். ஒருவர் தனியாக உள்ளே போனால் அந்த நாற்காலி அவரை மாற்றிவிடும். ஆகவே தனியாகப் போகாதீர்கள். வெளியே இருக்கும் மக்களோடும் இயக்கத்தோடும் கயிற்றை அறுக்காமல் போங்கள். அதோடு, எல்லாரும் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்றில்லை. படிக்காமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, மக்களிடம் ஆட்சேபனையும் கருத்தும் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில் மனு போடுபவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர்களும் கட்டுமான நிறுவனங்களும்தான். நம் பகுதியிலிருந்து மனு போகட்டும். தமிழில் எழுதுங்கள். இன்ன சர்வே எண்ணில் இத்தனை குடும்பம் இத்தனை ஆண்டாக இருக்கிறது, இதை வெளிர்நீலம் அடிக்காதே என்று எழுதுங்கள். உங்கள் பகுதி 1971 பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் 3-ஆவது பிரிவின் கீழ் ஏன் அறிவிக்கப்படவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு மனைகளாக ஒதுக்க வேண்டும். உங்கள் பகுதியில் அந்த மனைகளில் இப்போது யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தி.நகரில் நடைபாதைக் கடை வைத்திருக்கும் உறவினர் இருந்தால், 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஒரு வேலையை இந்த வாரமே தொடங்கலாம். இங்கே முப்பது பேர் இருக்கிறோம். அவரவர் தெருவை ஒரு தாளில் வரையுங்கள். எத்தனை வீடு, எந்த ஆண்டிலிருந்து, என்ன ஆவணம் இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து, வேலை எங்கே, பள்ளி எங்கே என்று குறியுங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் நினைவில் இருப்பது எந்த அலுவலகத்திலும் இல்லை. மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு மேசைக்கு வரும்போது அதன் பக்கத்தில் வைக்க நம்மிடமும் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். கணினியில் ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நிறத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்.